வாசகர் கேள்வி – பதில்: கார்த்திகை மழையும் கடற்கரை ஊரும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் மழை, கடல், ஈரம். எல்லாமே சென்னையைச் சுற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்தத் தடவை இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தள்ளிப் போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: மூன்றாவது படிக்கும் என் மகளுக்கு ‘இலையுதிர் காலம்’ என்று படம் வரைந்து வரச் சொன்னார்கள். ஆரஞ்சு நிற இலைகள் கொட்டுவது போல வரைந்தாள். வரைந்து முடித்துவிட்டு, “நம்ம ஊர்ல இது எப்பப்பா வரும்?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சென்னைக்கு அப்படி ஒரு காலம் இருக்கிறதா ஐயா? — ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

ப: குழந்தை கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. பாடப் புத்தகத்தில் இருக்கும் அந்த நான்கு காலங்களும் குளிர் நாடுகளுக்கு உரியவை. அங்கே அக்டோபர், நவம்பரில் மரங்கள் மொட்டையாகும். நம் ஊரில் அதே மாதங்களில்தான் மரம் தழைத்து, மதில் சுவரில்கூடப் பச்சை பிடிக்கிறது. நம் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசி வாக்கில், அதாவது பிப்ரவரி, மார்ச்சில். வாசல் பெருக்குகிறவர்களைக் கேளுங்கள், எந்த மாதம் முதுகு ஒடிகிறது என்று சரியாகச் சொல்வார்கள். வாதாம் மரத்து இலை சிவந்து விழுவதைக் காட்டினால் உங்கள் மகள் வரைந்த படம் அவளுக்கே கண்ணெதிரில் கிடைத்துவிடும்.

ஆனால் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் நம்மிடம் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. கூதிர். பழந்தமிழர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள்: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கூதிர் என்றால் குளிர்ந்த வாடைக் காற்றும் ஈரமும் சேர்ந்த காலம். காற்றுக்கும் திசைவாரியாகப் பெயர் வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. ஒரு நாள் சாயங்காலம் மகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று கேளுங்கள். மே மாதத்தில் தெற்கைப் பார்த்து நின்றவள் இப்போது வடகிழக்கைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். காற்று இப்படித் திரும்பி, வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதால்தான் நமக்கு மழை. கேரளத்துக்கு ஜூனில் கொட்டும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. நம் பங்கு அக்டோபர் கடைசியில்தான் வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்திலேயே பெய்துவிடுகிறது, சென்னையில் பாதிக்கும் மேல்.

அடுத்த தடவை படம் வரையச் சொன்னால் நனைந்த காக்கை, மூடின மெரினா, மாடிக் கொடியில் மூன்று நாளாகக் காயாத சீருடை, இதையெல்லாம் வரையச் சொல்லுங்கள். அவள் பார்த்ததை வரைந்தாள் என்று ஆசிரியரிடம் நானே எழுதித் தருகிறேன்.

கே: ராத்திரி முழுக்க ஊற்றுகிறது. விடியற்காலையில் பள்ளிக்கு விடுமுறை என்கிறார்கள். பத்து மணிக்குப் பார்த்தால் சுள்ளென்று வெயில். ஏன் இப்படி? — ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

ப: இந்தப் பருவத்தில் கடலோரத்துக்கு இது பழக்கமான கதைதான் அம்மா. பகலில் சூடான நிலம் ராத்திரி சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது. நவம்பரிலும் நம் கடல் நீர் 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. நிலத்திலிருந்து கிளம்பும் குளிர்ந்த காற்று, கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றோடு கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மோதும். அங்கே காற்று மேலே எழும்பி, மேகம் திரளும். அது காற்றோடு நகர்ந்து நள்ளிரவு தாண்டி, விடிகிற நேரத்தில் நம் தலைமேல் கொட்டும். வெயில் ஏறி நிலம் சூடானதும் இந்த மோதல் கலைந்துவிடுகிறது. காசிமேட்டில் விடியற்காலையில் நின்று கிழக்கே பார்த்தால், கடல்மேல் கறுப்பாகச் சுவர் எழுப்பினது போல் மேகம் நிற்பது தெரியும்.

விடுமுறை விஷயத்தில் மாவட்ட ஆட்சியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, பத்து மணி வெயிலை நம்பிச் சின்னப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட முடியுமா?

கே: செய்தியில் ‘10 செ.மீ. மழை’ என்கிறார்கள். ஒரு சாண்கூட இல்லை. அதற்கா ஊரே மிதக்கிறது? — ஒரு வாசகர், விருகம்பாக்கம்

ப: ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டு மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். 10 செ.மீ. மழையில் அந்த மாடியில் மட்டும் விழுவது 9,300 லிட்டர். கோடையில் நாம் வரிசையில் நின்று வாங்குகிறோமே, ஒரு பெரிய தண்ணீர் லாரி, ஏறக்குறைய அவ்வளவு. ஒரே மாடி, ஒரே நாள்! அப்படி ஒரு தெருவில் நாற்பது வீடு, நடுவில் சிமென்ட் போட்ட ரோடு, மண் என்று எங்கேயும் இல்லை. தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 செ.மீ. அதே மாடிக்கு 45,000 லிட்டருக்கு மேல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் 8.30 மணி வரைக்கும்தான் ஒரு நாள் கணக்கு. அதில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. செய்தி வாசிக்கிறவர் ‘மிக’ என்கிறாரா, ‘அதி’ என்கிறாரா என்று காது கொடுத்துக் கேளுங்கள், அந்த ஒரு சொல்லில் நிறைய இருக்கிறது. இத்தனை தண்ணீரும் கடலுக்குப் போய்விட்டு, 2019 கோடை போல ஏரி எல்லாம் வறண்டு குடத்தோடு அலைவதை நினைத்தால் வயிறு எரிகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டுக் குழியைக் கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள்? சருகும் மணலும் அடைத்துக்கொண்டிருந்தால் குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கே: என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ‘துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று டிவியில் ஓடியதும் எனக்குப் படபடப்பாகிவிட்டது. ஊருக்கு வரச் சொல்லலாமா? — ஒரு தாய், சேலம்

ப: பதறாதீர்கள் அம்மா. இந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்காக ஏற்பட்டது. ரேடியோ வராத காலத்திலிருந்து இருக்கிற பழக்கம். பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள், ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொத்தம் பதினொன்று. 1, 2 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, கப்பல்கள் கவனம் என்று அர்த்தம். 3, 4 வந்தால் அந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 5, 6, 7 அபாயம்: புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, நேர் மேலேயா கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். 8, 9, 10 அதே மூன்றுதான், ஆனால் பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

3-ம் எண்ணுக்கு மகன் ஊருக்கு ஓடி வர வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் போகாமல், மரத்தடியில் வண்டியை நிறுத்தாமல் இருந்தால் போதும். மரத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன், 2016-ல் வர்தா வந்த அன்று இந்த ஊர் ஆயிரக்கணக்கில் மரங்களை இழந்தது, வேரோடு சாய்ந்த தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் எத்தனையோ கார்கள் கிடந்தன. போனை முழுசாக சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், ராத்திரி அவன் உங்களுக்கு ஒரு தடவை பேசட்டும். அது உங்களுக்காக.

கே: தீபாவளி முறுக்கு நமத்துப் போகிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. மாமியார் என் கை ராசியைச் சொல்கிறார். — ஒரு வாசகி, திருவொற்றியூர்

ப: உங்கள் கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். கார்த்திகை மாதத்துத் திருவொற்றியூரில் 75 சதவீதம் என்பது சாதாரணம். வறுத்த அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போட்டு வையுங்கள். பீங்கான் ஜாடி, மரக் கரண்டி. எவர்சில்வர் கரண்டியை உள்ளேயே விட்டால் அதையும் உப்பு அரித்துவிடும். முறுக்கை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் இரண்டு நிமிடம் பிரட்டி, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மறுபடியும் நமத்துவிடும். மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கே: மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு மெரினா போவோம். ஓரமாகத்தான் நிற்கிறோம். ஆனாலும் போலீஸ்காரர் விசில் ஊதித் துரத்துகிறார். முழங்கால் தண்ணீரில் என்ன ஆபத்து? — ஒரு வாசகர், கொளத்தூர்

ப: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். நான் திருவல்லிக்கேணிவாசி. காலையில் கடற்கரை நடை பல வருஷப் பழக்கம். கரையில் கழற்றி வைத்த செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற குடும்பங்களை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஓரமாத்தாங்க நின்னான்.”

அலை கரைக்குக் கொண்டு வந்து கொட்டும் தண்ணீர் அத்தனையும் திரும்பக் கடலுக்குப் போயாக வேண்டும். அது பரவலாகப் போவதில்லை. மணலில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒன்று சேர்ந்து, வாய்க்கால் மாதிரி குறுகலாக, வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை அங்கே உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக ஒரு பட்டை. பார்க்கிறவர்களுக்கு எது பாதுகாப்பாகத் தெரியும்? அந்த அமைதியான பட்டைதான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேராக அங்கேதான் போய் நிற்கிறார்கள். காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போகும், ஒரு பெரிய அலை வந்து திரும்பும்போது முழங்கால் தண்ணீர் இடுப்பாகிவிடும், ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அது கழுத்து. மெரினாவில் கரையை ஒட்டியே தரை சட்டென்று இறங்குகிறது. இந்த மாதங்களில் காற்றும் அலையும் கூடுதல், போன வாரம் மேடாக இருந்த இடம் இந்த வாரம் பள்ளம்.

ஒருவேளை யாராவது மாட்டிக்கொண்டால், கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தவே கூடாது, நல்ல நீச்சல்காரரும் ஐந்து நிமிடத்தில் களைத்துவிடுவார். உடம்பைத் தளர்த்தி மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். அந்த வாய்க்கால் குறுகலானது, தாண்டிவிட்டால் அலையே கரைக்குத் தள்ளிவிடும். கரையில் இருப்பவர்கள் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே இறங்குவதை விட, மிதக்கிற எதையாவது, காலித் தண்ணீர்க் கேனையாவது, வீசுவது நல்லது.

மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுங்கள், பட்டம் விடுங்கள், பிள்ளைகள் ஈர மணலில் வீடு கட்டட்டும். விசில் ஊதுகிற அந்தப் போலீஸ்காரர்மேல் கோபப்படாதீர்கள்.

கே: பட்டினப்பாக்கத்தில் கரை முழுக்க வெள்ளை நுரை, பனி கொட்டினது போல. பிள்ளைகள் அள்ளி விளையாடுகிறார்கள். அது என்ன? — ஒரு வாசகி, மந்தைவெளி

ப: வேண்டாம் அம்மா, விளையாட விடாதீர்கள். பெரிய மழைக்குப் பிறகு அடையாறும் கூவமும் ஊரின் சாக்கடையையும் சோப்புத் தண்ணீரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்க் கடலில் தள்ளுகின்றன. அதை அலை கடைந்தால் வருவது இந்த நுரை. 2019 டிசம்பரில் நாள்கணக்கில் நின்றது. தோலில் பட்டால் அரிப்பு வரலாம். அழகாக இருப்பது உண்மைதான், அதனால்தான் பிள்ளைகளைத் தடுப்பது கஷ்டம்.

கே: எங்கள் தெருப் பலகையில் ‘ஏரிக்கரை’ என்று இருக்கிறது. ஏரியை நான் பார்த்ததே இல்லை, ஆனால் வருஷா வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் மட்டும் வருகிறது. — ஒரு வாசகர், சென்னை-33

ப: ஏரி அங்கேதான் இருக்கிறது, நீங்கள் அதற்குள் குடியிருக்கிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வீட்டை வாங்கினவருக்கும் வாடகைக்கு வந்தவருக்கும் அந்த வரலாற்றை யார் சொன்னார்கள்? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஒரு பெரிய ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில்தான். அந்தப் பக்கத்திலேயே ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது, ‘லேக் ஏரியா’ இருக்கிறது, உங்கள் பக்கம் ‘லேக் வியூ ரோடு’, முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’. ஏரிக் கரைக்கும் உபரி நீர் வழியும் கலங்கலுக்கும் வைத்த பெயர்களை எடுத்து நாம் பேருந்து நிறுத்தங்களுக்கு வைத்துக்கொண்டோம்.

தண்ணீருக்குப் பெயர்ப் பலகை தேவையில்லை. தரை எங்கே தாழ்வாக இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். வேளச்சேரியில் மழை எச்சரிக்கை வந்த உடனே ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். வேறு வழி என்ன? அந்தத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலம், குப்பையும் கட்டடமுமாகச் சுருங்கிப் போனது. 2022-ல் அதற்கு ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும். உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வீடு வாங்கப் போகிற சொந்தக்காரர் யாராக இருந்தாலும், பத்திரத்தோடு அந்த இடத்தின் பழைய வருவாய்த் துறை வரைபடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிடச் சுலபம், நவம்பர் மாதத்தில் ஒரு மழை நாளில் போய் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் பார்க்கிற மனை எல்லாம் மேடாகத்தான் தெரியும்.

கே: அக்டோபர் வந்தால் மாடியில், மைதானத்தில் கூட்டம் கூட்டமாகத் தட்டான். அப்புறம் காணாமல் போய்விடுகின்றன. எங்கே போகின்றன? — பத்தாம் வகுப்பு மாணவன், எண்ணூர்

ப: தம்பி, நீ கேட்டதைத்தான் மாலத்தீவில் இருந்த ஒரு உயிரியலாளரும் கேட்டார், வேறு பக்கத்திலிருந்து. அவர் கேள்வி, ‘இவை எங்கிருந்து வருகின்றன?’ என்பது. மாலத்தீவில் தட்டான் முட்டையிடுவதற்கு நல்ல தண்ணீர் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனாலும் வருஷந்தோறும் அக்டோபரில் லட்சக்கணக்கில் வந்து இறங்குகின்றன. 2009-ல் அவர் எழுதிய விளக்கம் இது: இந்தியாவிலிருந்து கிளம்பி, திரும்பின வடகிழக்குக் காற்றில் ஏறி, மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலையே தாண்டி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகின்றன. அங்கே மழைத் தேக்கத்தில் முட்டையிட்டு, அடுத்த தலைமுறைகள் தென்மேற்குக் காற்றில் திரும்பி வருகின்றன. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, அகலமான பின் சிறகு, ஆங்கிலத்தில் குளோப் ஸ்கிம்மர் என்கிறார்கள். நீளம் ஏறக்குறைய உன் கட்டை விரல் அளவுதான்.

‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்’ என்று பாட்டி சொல்லியிருப்பாள். இன்னொரு பக்கமும் உண்டு: தண்ணீரில் வளரும் அதன் குஞ்சு, கொசுப் புழுவை வேட்டையாடித் தின்னும். வாலில் நூல் கட்டாதே. ஒன்று வந்து கம்பியில் உட்காரும்போது பக்கத்தில் போய்ப் பார், தலையில் பாதிக்கு மேல் கண்தான் இருக்கும், சாயங்கால வெயில் பட்டால் சிறகின் நுனியில் பொன் நிறம் தெரியும்.

கே: டிசம்பர் 21-தான் குறுகிய பகல் என்று படித்தேன். ஆனால் நவம்பரிலேயே ஐந்தே முக்காலுக்கு இருட்டிவிடுகிறதே? — ஒரு வாசகர், பெசன்ட் நகர்

ப: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். குறுகிய பகல் டிசம்பர் 21, 22-ல்தான். ஆனால் சென்னையில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் கடைசிப் பத்து நாட்களை ஒட்டி, மாலை சுமார் 5.39-க்கு. காரணம், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தில் நிலையாக இருப்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் இங்கே காலை 11.53-க்கே உச்சி. ஜனவரி நடுவில் அது 12.18-க்குத் தள்ளிப் போகிறது. அதனால் டிசம்பரில் மாலை மெல்ல நீளும், காலைதான் தாமதமாகிக்கொண்டே போகும். பொங்கல் சமயத்தில் ஆறரைக்கும் சூரியன் எழுந்திருக்காது.

கே: ‘கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை’ என்பார்கள். டிசம்பரில் வந்த வெள்ளங்களைப் பார்த்த பிறகும் இந்தப் பழமொழி பொருந்துமா? — ஒரு வாசகர், காஞ்சிபுரம்

ப: ஆங்கில மாதத்தை வைத்துப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. கார்த்திகை நவம்பர் நடுவில் பிறந்து டிசம்பர் நடுவில் முடிகிறது. 2015 பெருமழை, டிசம்பர் 1: கார்த்திகை பாதி. வர்தா, 2016 டிசம்பர் 12: கார்த்திகை கடைசி. நிவர், 2020 நவம்பர் 25. மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது 2023 டிசம்பர் 3, 4. ஃபெஞ்சல், 2024 நவம்பர் 30. அத்தனையும் கார்த்திகைக்குள்தான்! எனக்கு இதை எழுதும்போது உடம்பு சிலிர்த்தது. கர்ணனைப் போலக் கொடுக்கிற மாதம், கணக்குப் பார்க்காமல் கொடுத்தும் விடுகிறது.

ஆனால் பழமொழியை நம்பி அசந்துவிடவும் கூடாது. தானே புயல் 2011 டிசம்பர் 30-ல், மார்கழியில், கடலூரையும் புதுச்சேரியையும் பிய்த்துப் போட்டது. 2023-ல் மார்கழி பிறந்த கையோடு காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.

கே: மழைக் காலத்தில் மீன் விலை ஏறுகிறதே, யாரைக் குறை சொல்வது? — ஒரு வாசகர், அண்ணா நகர்

ப: யாரையும் வேண்டாம். எச்சரிக்கை வந்தால் படகு இறங்காது. படகு இறங்காத நாளில் மீனவர் வீட்டில் வருமானமும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப் படகுகள் நிற்கின்றன, அப்புறம் இந்த மழை மாதங்களில் நாள் நாளாக நிற்க வேண்டியிருக்கிறது. கடல் கொஞ்சம் அடங்கின மறுநாள் கிடைக்கிற நெத்திலியையும் காரப்பொடியையும் வாங்குங்கள், வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள்.

கே: எனக்கு 64 வயது. 2015-ல் எங்கள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர். இப்போதும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து போய் வாசல் படியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், மூன்றாவது படி தெரிகிறதா என்று. தெரிந்தால்தான் மூச்சு வரும். பிள்ளைகள் “ஒன்றும் ஆகாதும்மா, தூங்கு” என்கிறார்கள். நான் பயந்தவளா ஐயா? — ஒரு வாசகி, முடிச்சூர்

ப: இல்லை அம்மா. நீங்கள் பார்த்தவர். பார்க்காதவர்களுக்கு மழைச் சத்தம் தாலாட்டு, உங்களுக்கு அது தண்ணீர் ஏறின ராத்திரி. உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். அந்த மூன்றாவது படி என் கண்ணிலேயே நிற்கிறது.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள், “ஒன்றும் ஆகாது” என்பதை விட “ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வோம்” என்று பேசுவதுதான் உங்களுக்குத் தூக்கம் தரும். எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து முடிவு பண்ணிவிடுங்கள். மூன்றாவது படி மறைந்தால் கிளம்புவது, விவாதமே இல்லை. எங்கே, யார் வீட்டுக்கு என்பதும் இப்போதே தெரிந்திருக்கட்டும். அதி கனமழை என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால் பகல் வெளிச்சத்திலேயே போய்விடுங்கள், இருட்டில் தண்ணீரில் நடப்பதுதான் பெரிய ஆபத்து, திறந்து கிடக்கும் சாக்கடை மூடி தெரியாது, மின்கசிவும் தெரியாது. பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மேல் பரணில். பத்து நாள் மாத்திரை அதே பையில். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைக்க வேண்டியது யார் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சிப் பகுதியில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு உதவி எண் 1913, உங்கள் மாவட்டத்துக்கு 1077, இரண்டையும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போனதும் அதுவும் போய்விடும்.

இத்தனையும் செய்த பிறகும் ராத்திரி எழுந்து டார்ச் அடிக்கத் தோன்றினால் அடித்துப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜனவரியில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் அம்மா, இந்த வருஷம் எப்படிப் போயிற்று என்று.

கே: காற்றில் குடைக் கம்பி ஒடிந்துவிட்டது. புதுசு வாங்குவதா, ரிப்பேர் பண்ணுவதா? — கல்லூரி மாணவி, சேப்பாக்கம்

ப: ரிப்பேர். எங்கள் தெருவில் மழை மாதங்களில் மட்டும் ஒரு பெரியவர் வருவார். தோளில் ஒரு சாக்குப் பை, அதில் செத்துப் போன குடைகளிலிருந்து கழற்றின கம்பிகள் நூறாவது இருக்கும். உங்கள் குடையின் ஒடிந்த கம்பிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்து நீளம் பார்ப்பார், சரியானது கிடைத்ததும் மெல்லிய பித்தளைக் கம்பியால் மூட்டைக் கட்டி, பல்லால் கடித்து அறுப்பார். துணி விலகின இடத்தில் கறுப்பு நூலால் நான்கு தையல். முடிந்ததும் எழுந்து கடற்கரைப் பக்கம் திரும்பி நின்று, காற்று வருகிற திசைக்கு நேராகக் குடையை விரித்துச் சாய்த்துப் பிடிப்பார். அது மடங்காமல் நின்றால்தான் காசு வாங்குவார்.